எட்டு கிலோமீட்டர் நடைமாடன்

பாதை சுருங்கிவிட்டது என்று ஒரு பொறியாளர் மேலிடத்துக்கு எப்படித்தான் கடிதம் எழுதுவார்? உதவிப் பொறியாளர் கோமதிநாயகம் காலையிலிருந்து நான்கு முறை எழுதி, நான்கு முறையும் கிழித்துப் போட்டிருந்தார். மழை அரித்துவிட்டது என்றால் எழுதலாம், படமெடுத்து இணைத்தும் அனுப்பலாம். ஏழுபனையூரிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் எட்டு கிலோமீட்டர் போட்டு வைத்த பாதை, யாரும் தோண்டாமல், யாரும் திருடாமல், பதினேழே நாளில் நாற்பதடி வட்டமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது என்று எழுதினால், அவரை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்றுதான் அங்கே கூட்டம் போடுவார்கள்.

மாநில அரசின் பொது நடைவழி மேம்பாட்டு வாரியம் இதற்கு முன்பும் பாதைகள் போட்டதுண்டு. ஊர் ஊராகச் சிமெண்டுக் கல் பதித்து, இரண்டு பக்கமும் பூச்செடி வைத்து, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஜனங்கள் நன்றாகத்தான் நடந்தார்கள். ஆனால் பாதையில் நடக்கவில்லை, பாதைக்குப் பக்கத்து மண்ணில் நடந்தார்கள். பாதையில் ஆடுகள் படுத்துக்கொண்டன. வாரியம் நடை நாயகர் விருது கொடுத்துப் பார்த்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம் விட்டுப் பார்த்தது, யாருக்கும் பொருந்தாத அளவில் பனியன் கூடக் கொடுத்துப் பார்த்தது. பனியனைப் போட்டுக்கொண்டும் மண்ணில்தான் நடந்தார்கள்.

அப்புறம்தான் நடைப்பாசி வந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பச்சைப் பாசி. மெத்தை போலிருக்கும், வழுக்காது, சேறாகாது. அதன் விசேஷம் என்னவென்றால், கால் அதிகம் படுகிற பக்கம் அது தானாக வளரும். பத்து நாள் கால் படாத இடத்தில் வாடி உதிர்ந்துவிடும். ஜனங்கள் பாதைக்கு வராவிட்டால் பாதை ஜனங்களிடம் போகும். இந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் அரசு கையெழுத்துப் போட்டது.

பாசிக்கு மூளை வேண்டுமல்லவா? அதுதான் மையக் கருவி. மண்ணுக்கடியில் ஓடும் நூல்கள் வழியாக எட்டு கிலோமீட்டரிலும் விழும் ஒவ்வொரு காலடியையும் கேட்டு, எங்கே வளர வேண்டும், எங்கே விட வேண்டும் என்று பாசிக்குச் சொல்வது அதன் வேலை. வெயில், மழை, மாடு மூன்றையும் தாங்க வேண்டுமென்று அதற்குக் கருங்கல்லில் உறை செய்தார்கள். தண்ணீர் தேங்கக் கூடாதென்று தலையை உருண்டையாக்கினார்கள். சூடேறக் கூடாதென்று வேப்பமரத்தடியில் நட்டார்கள். வேப்பமரத்தடியில் உருண்டைத் தலையோடு முழங்கால் உயரக் கருங்கல் ஒன்றை நட்ட பிறகும் அதைக் கருவி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பொறியாளர்கள் மட்டும்தான்.

அதில் கோமதிநாயகமும் ஒருவர் என்பதுதான் வருத்தம்.

ஆயுத பூஜை வந்தது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. அலுவலக உதவியாளர் சுடலைமுத்து, ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கியுள்ள மனிதர், கணினிக்குச் சந்தனம் வைத்தார், ஜீப்புக்கு மாலை போட்டார், ஸ்டேப்ளர் வரைக்கும் குங்குமம் வைத்தார். கடைசியில் தட்டோடு வந்து நின்றார்.

"சார், நம்ம ஆபீஸ்லயே பெரிய மிஷின் வெளியில நிக்கி. அதுக்கும் ஒரு பொட்டு வச்சிருதேன். விட்டுட்டா நல்லாருக்காது."

"வைங்கண்ணே" என்றார் கோமதிநாயகம். அவருடைய வாழ்க்கையில் ஒரே சொல்லில் இவ்வளவு பெரிய வேலை நடந்ததே இல்லை.

அவருக்கு அன்று மனம் சரியில்லை. காலையில்தான் சென்னையிலிருந்து தலைமைப் பொறியாளர் சாமுவேல் ஜெயசிங் பேசியிருந்தார். அமைச்சர் திறக்க வரும் அன்று எட்டு கிலோமீட்டரில் ஓர் அடி குறைந்தாலும் கோமதிநாயகத்துக்குக் கிருஷ்ணகிரிதான் என்று சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரி நல்ல ஊர். மாம்பழம் நன்றாக இருக்கும். ஆனால் அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஏழு வருஷத்துக்கு மேல் கிருஷ்ணகிரியும் தர்மபுரியுமாகவே கழிந்திருந்தது. மனைவி உலகம்மாள் ஏழுபனையூர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மாதம் இரண்டு முறை பஸ்ஸில் வந்து, துணி துவைக்கப் போட்டு, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் குடித்தனம் என்று இருந்தார்கள். இப்போதுதான் பதினான்கு மாதமாக ஒரே வீடு, ஒரே ரசம்.

அன்று சாயங்காலம் பூஜைப் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"போடட்டும், பாத்துக்கிடலாம்" என்றாள் உலகம்மாள். "ஏழு வருஷம் இருக்கலியா என்ன?" சொல்லிவிட்டுப் பாதிப் பொரியோடு எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அவள் அப்படித்தான், எதற்கும் கலங்க மாட்டாள் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் கலங்கியிருக்கலாமே என்றும் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் எழுந்தபோது (அவர் ஏழுக்கு முன்பு எழுந்ததாக வரலாறு இல்லை) உலகம்மாள் வழக்கம்போல நடைக்குப் போய்விட்டு வந்து சட்டினி அரைத்துக்கொண்டிருந்தாள். இடது குதிகாலில் அவளுக்குத் தீராத வலி. தரையில் வெறுங்கால் படவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டுக்குள்ளேயே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடுதான் நடப்பாள். தினமும் ஐந்தரைக்குப் பாசிப் பாதையில் நடந்தால் கொஞ்சம் குறைகிறது என்பாள்.

எட்டு மணிக்குச் சுடலைமுத்து ஓடி வந்தார்.

"சார், நம்ம மிஷின ஆளுக சுத்துதாவ."

"என்னது, கழட்டுதாங்களா?"

"கழட்டல சார். வலம் வாராவ."

போய்ப் பார்த்தால் முப்பது பேர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கருவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பால்காரர் ஒருவரை நிறுத்தி எதற்கு என்று கேட்டார் கோமதிநாயகம்.

"விடிய வரும்போது பாத்தேன் சார். பொட்டு வச்சிருந்துச்சு. பனியில பாசி மேல வட்டமா கால்தடம் கெடந்துச்சு. யாரோ வெவரந்தெரிஞ்சவங்க சுத்தியிருக்காவன்னு நானும் மூணு சுத்து சுத்தினேன். நமக்கு என்ன நட்டம்?"

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். மூன்று நாளில் கல்லுக்கு நடைமாடன் என்று பெயர் வந்தது. கால்வலி தீர்க்கும் சாமி என்றார்கள். நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்டார்கள். பிய்ந்த செருப்பைக் காணிக்கையாக வேப்பமரத்தில் கட்டினார்கள். நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றியவனுக்கு மலையடிவாரம் வரை போக எங்கே தெம்பு இருக்கும்? டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். பாசி ரொம்ப நியாயமான ஜீவன். கால் படும் இடத்தில் வளர்ந்தது. படாத எட்டு கிலோமீட்டரை விட்டுவிட்டது.

கோமதிநாயகம் சும்மா இருக்கவில்லை. 'இது சாமி அல்ல, இயந்திரம்' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தார். மறுநாள் பலகைக்கும் பொட்டு வைத்து, அதையும் சேர்த்துச் சுற்றினார்கள். கம்பிவேலி போட்டார். வேலிக்கு வெளியே சுற்றினார்கள். முன்பு முப்பதடியாக இருந்த வட்டம் நாற்பதடியானது. துறை எடுத்த முயற்சியில் பாதை நீளம் அதிகரித்தது அந்தப் பத்தடி மட்டும்தான்.

சுடலைமுத்துவுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். சுடலைமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பொட்டு வச்சது நாந்தான் சார், மறுக்கல. ஆனா மொதல்ல சுத்துனது நான் இல்ல. எங்க குலதெய்வத்தத் தவிர நான் எங்கயும் சுத்த மாட்டேன். மொதல்ல சுத்துனது யாருன்னு பாருங்க. அவியளுக்குக் குடுங்க மெமோவ."

வீட்டில் உலகம்மாள் சிரித்தாள். "படிச்ச ஊருன்னு பேரு. சர்க்யூட் போர்டச் சுத்தி கும்பிடுதாவ. எட்டாங்கிளாசுக்குப் பாடம் நடத்தும்போது இத எடுத்துக்காட்டாச் சொல்லப்போறேன்."

"நீ சிரி. பெட்டியக் கட்டப்போறது நான்."

அவள் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அடுப்பில் எதையோ கிளறினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது கடிதத்தையும் கிழித்த பிறகு, கோமதிநாயகம் துணிந்து தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"கல்லை எடுத்துடுங்க" என்றார் சாமுவேல் ஜெயசிங்.

"எடுத்தா மிச்சமிருக்குற பாசியும் செத்துரும் சார். அதுதான் மூளை. ஊர்க்காரங்களும் நம்மள விட மாட்டாங்க."

"அப்போ ஊர்க்காரங்களை எடுங்க."

"சார்?"

"சுத்தாம இருக்கச் சொல்லுங்கன்னு சொல்றேன். இன்னும் இருபது நாள் இருக்கு. பாசி வளர எத்தனை நாள் வேணும்?"

"ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனா தினமும் ஆயிரம் பேராவது எட்டு கிலோமீட்டரும் நடக்கணும் சார். இவங்க நாற்பதடியத் தாண்டி வர மாட்டேங்குறாங்க."

"எனக்கு எதுவும் தெரியாது, கோமதிநாயகம். தெரியவும் வேண்டாம். எட்டு கிலோமீட்டர், இல்லேன்னா கிருஷ்ணகிரி."

போனை வைத்துவிட்டு அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சுடலைமுத்து டீயை மேசையில் வைத்தார். போகவில்லை. மெமோவுக்குப் பதில் இன்னும் கொடுக்கவில்லை என்பதால் ஏதாவது உபகாரமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சார், ஆளுக சாமிகிட்டயே கெடக்காவன்னு நீங்க கவலப்படுதிய. சாமி நடந்தா ஆளுக நடக்க மாட்டாவளா?"

"கல்லு எப்படிண்ணே நடக்கும்?"

"மூலவரு எங்கயாவது நடப்பாரா? அதுக்குத்தான உற்சவரு இருக்காரு. நம்ம ஸ்டோர்ல இதே மாதிரி சின்னதா ஒண்ணு சாக்குல சுத்திக் கெடக்கே."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். ஸ்டோரில் கிடந்தது மாற்றுக் கருவி. முக்கால் அடி உயரம், அதே உருண்டைத் தலை. டீயைக் குடிக்காமலேயே எழுந்து சாவியைத் தேடினார்.

கோப்பில் அதற்கு 'மக்கள் பங்களிப்புடன் கூடிய தொடர் நடை ஊக்குவிப்பு நிகழ்ச்சி' என்று பெயர் வைத்தார். ஊரில் அதற்குப் பெயர் நடைமாடன் சப்பரம். மாற்றுக் கருவியைப் பூ ஜோடித்த சின்னப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, தினமும் காலையில் மலையடிவாரம் வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. பாதை முழுக்க வாரியம் ஏற்கெனவே தூரக்கல் நட்டிருந்தது. அந்த எட்டுக் கல்லும் எட்டு மண்டகப்படியாயின. தெருவுக்கு ஒன்று. சாமி நிற்கும், சுண்டல் கொடுப்பார்கள், மறுபடி நடப்பார்கள். மூன்றாவது கிலோமீட்டர்க்காரர்கள் பானகம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு ஐந்தாவது கிலோமீட்டர்க்காரர்கள் கேசரியில் இறங்கினார்கள். முதல் நாள் முந்நூறு பேர் போனார்கள். கேசரி செய்தி பரவியதும் இரண்டாயிரத்தைத் தாண்டியது. இத்தனை வருஷமாகப் பனியன் கொடுத்து வராத கூட்டம் அது.

உடம்பு இளைத்தவர் யாருமில்லை. ஆனால் எல்லாரும் நடந்தார்கள். கோமதிநாயகமும் நடந்தார். தினமும் பதினாறு கிலோமீட்டர், ஒரு கையில் அளவு நாடா, ஒரு கையில் சுண்டல் பொட்டலம். நான்காம் நாள் வறண்ட மண்ணில் பச்சையாக ஊசி ஊசியாகப் பாசி தலைநீட்டியதைப் பார்த்தபோது, அத்தனை பேர் நடுவில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு விபூதி பூசிவிட்டார். ஒன்பதாம் நாள் பாதை மலையடிவாரத்தைத் தொட்டது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாளே சாமுவேல் ஜெயசிங் வந்து சேர்ந்தார். நீளத்தை அவரே அளந்தார். எட்டு கிலோமீட்டரும் நாற்பதடியும் இருந்தது.

"நான் அந்தக் கல்லைக் கும்பிட மாட்டேன். உங்களுக்கே தெரியும்" என்றார் ஐந்தாவது கிலோமீட்டரில் நின்று.

"தெரியும் சார்."

"கேசரி சாப்பிடலாம் இல்லையா?"

"அது நடை ஊக்குவிப்புச் சிற்றுண்டி சார். கோப்புல இருக்கு."

மறுநாள் அமைச்சர் ரிப்பனை வெட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். பாதை நேராக வேப்பமரத்தடிக்குப் போய், கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மலைப்பக்கம் திரும்பியது. அமைச்சர் ஒரு கணம் நின்றார். புகைப்படக்காரர்கள் எல்லாரும் கேமராவைத் தூக்கினார்கள். "அரசு போட்ட பாதை. அது போகிற வழியில்தான் நானும் போகிறேன்" என்று சொல்லிவிட்டு அமைச்சர் சுற்றினார். பாதை ஒரு சுற்றுதான் கேட்டது. அவர் மூன்று சுற்றினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் இரண்டு தபால் வந்தன. ஒன்று, கோமதிநாயகம் மறு உத்தரவு வரும் வரை ஏழுபனையூரிலேயே தொடரலாம் என்றது. அதை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். இன்னொன்று, எல்லா மாவட்டத்துக்கும் போன சுற்றறிக்கை. நடைப்பாசித் திட்டம் உள்ள ஊர்களில் மையக் கருவியை இனி வேப்பமரம், அரசமரம், ஆலமரம் ஆகியவற்றின் அடியில் நடக் கூடாது என்றது. அதன் கடைசியில் ஏழுபனையூருக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. வலம் வரும் பழக்கம் எப்போது, யாரால் தொடங்கியது? கருவியின் பதிவைப் பார்த்து அறிக்கை அனுப்பவும்.

கருவிக்கு ஆள் பெயர் தெரியாது. எடை, எட்டு வைக்கும் நீளம், செருப்பு உண்டா இல்லையா, எந்தக் காலில் அழுத்தம் அதிகம், இவ்வளவுதான் தெரியும். கோமதிநாயகம் ஆயுத பூஜைக்கு மறுநாள் பக்கத்தைத் திறந்தார். பால்காரர் வந்தது ஆறு பத்துக்கு. அதற்கு முன்னால் ஒரே ஒருவர். காலை ஐந்து ஐம்பது. ஐம்பத்தெட்டு கிலோ. ஐந்து நாற்பத்தொன்பது வரை செருப்புக் கால். மரத்தடியில் செருப்பு கழற்றப்பட்டிருக்கிறது. வெறுங்காலோடு மூன்று சுற்று. ஒவ்வொரு அடியிலும் இடது குதிகால் தரையில் முழுதாகப் படவில்லை.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த நாளைத் திறந்தார். அதே ஐந்து ஐம்பது, அதே மூன்று சுற்று, அதே குதிகால். அதற்கடுத்த நாளும். எட்டாம் வகுப்புக்கு எடுத்துக்காட்டுச் சொல்லப் போவதாகச் சிரித்த நாளிலும். இன்று காலையிலும்.

"என்ன சார், ஆளு சிக்கிட்டா?" என்று எட்டிப் பார்த்தார் சுடலைமுத்து.

கோமதிநாயகம் திரையை அணைத்தார். "பனியில பதிவு சரியா விழல அண்ணே. அடையாளம் தெரியல." சொல்லிவிட்டு மேசையிலிருந்த மெமோ நகலை எடுத்துக் கிழித்தார். அந்த மாதத்தில் அவர் கிழித்த ஆறாவது காகிதம் அது.

மறுநாள் வரலாறு மாறியது. அவர் ஐந்து மணிக்கு எழுந்து, பல் விளக்கி, வாசலில் நின்றார். உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒங்கூட நடக்கலாம்னு."

வேப்பமரம் வந்தது. கல்லைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பாமல், பரேடில் போகிற மாதிரி அவள் விறைப்பாகத் தாண்டிப் போனாள். பத்தடி போனதும் அவள் நடை தளர்ந்தது.

"உலகு" என்றார் கோமதிநாயகம். "நீ பிசிக்ஸ் டீச்சர்."

அவள் நின்றாள். திரும்பவில்லை. "மிஷின் சொல்லிருச்சாக்கும்."

"எல்லாம் சொல்லிருச்சு."

"ஆமா, பிசிக்ஸ் டீச்சர்தான். அதனாலதான் சொல்லுதேன். செஞ்சு பாத்தேன், பலிச்சிருக்கு. நிறுத்திப் பாக்கணும்னாதான் சோதனை முழுசாகும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல." இப்போதுதான் அவள் திரும்பினாள். "ஏழு வருஷம் தனியாச் சமைச்சுத் தனியாத் தின்னிருக்கேன். இன்னொரு தடவ என்னால முடியாது. அதச் சொன்னா நீங்க வேற கலங்குவியன்னுதான் கல்லுகிட்ட சொன்னேன்."

"நீ சுத்துன தடத்தப் பாத்துத்தான் ஊரே சுத்துச்சு. ஊரு சுத்துனதாலதான் பாதை போச்சு. பாதை போனதாலதான் கிருஷ்ணகிரி பக்கத்துல வந்துச்சு, தெரியுமா?"

உலகம்மாள் இதை யோசித்தாள். முகத்தில் எட்டாம் வகுப்புக் கணக்கைத் திருத்துகிற கவனம் வந்தது.

"வந்துச்சா?"

"வரல."

"பொறவு என்ன?"

கோமதிநாயகம் சட்டைப்பையிலிருந்த உத்தரவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் மறு உத்தரவு வரும் வரை என்றுதான் போட்டிருந்தது. மறு உத்தரவு என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம்.

அவர் மரத்தடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

"என்ன பண்ணுதிய?"

"பராமரிப்புப் பணி. நீ செருப்பக் கழட்டாத. டாக்டர் சொல்லியிருக்காருல்ல. என் தோளப் பிடிச்சுக்கோ."

அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றத்தான் செய்தாள்.